ராத்திரியில் ஏன் வேகிறது மாடி அறை?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “30-க்கு 40 மனையில் சொந்தமாக வீடு கட்டப்போகிறேன். இப்போது இருக்கும் வாடகை வீட்டின் மாடி அறையில் மத்தியானத்தைவிட ராத்திரிதான் வேகிறது. வெயில் போன பிறகு எதற்கு இந்தப் புழுக்கம்? புது வீட்டுக்கு பிளான் போடும்போதே இதைத் தவிர்க்க முடியுமா?”

முடியும். முதலில் சூரியன். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் கடைசி வாரமும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் விழும். கோடை முழுக்க உச்சியை ஒட்டியே இருக்கும். அதனால் வீட்டில் அதிக வெயில் வாங்குவது எந்தச் சுவரும் அல்ல, மொட்டை மாடிதான். தெற்குச் சுவரைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போதும் 2 அடி சன்ஷேடு நண்பகலில் கிட்டத்தட்ட 3 அடி உயரத்துக்கு நிழல் தரும். மேற்கில் இந்தக் கணக்கு செல்லாது. ஏப்ரல் மாதம் மாலை 4 மணிக்கு அதே சன்ஷேடு தரும் நிழல் ஒன்றரை அடிக்கும் குறைவு, 5 மணிக்கு முக்கால் அடி. மீதிச் சுவர் முழுக்க வெயில்தான்.

சரி, பகலில் வாங்கிய வெப்பம் ராத்திரி வருவது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இங்கேதான் இருக்கிறது.

கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அதில் ஒவ்வொருவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் கலவையை எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் அடுத்தவருக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? வெப்பம் தளத்துக்குள் அப்படித்தான் இறங்குகிறது. மேல் அடுக்கு தான் சூடேறிய பிறகுதான் கீழ் அடுக்குக்குக் கொடுக்கும். அதுவும் தன்னிடம் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளும். ஆகவே வெப்பம் தாமதமாக வருகிறது, வரும்போது இளைத்தும் போகிறது.

5 அங்குல கான்கிரீட் தளத்தைக் கடக்க பகல் வெப்பத்தின் உச்சத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். மாடித் தரையில் ஒன்றரை மணிக்கு உச்சம் என்றால் சீலிங்கில் அது 5 மணிக்கு. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்ந்துகொள்ளும், ஏழு மணி ஆகிவிடும். அதற்குள் மேற்பரப்பு ஆறிவிட்டாலும் நடு அடுக்குகளில் சூடு மிச்சமிருக்கும். அது மேலேயும் போகும், கீழேயும் வரும். கீழே வருவதுதான் உங்கள் படுக்கைக்கு. 9 அங்குலச் செங்கல் சுவரில் தாமதம் சுமார் 7 மணி நேரம். நாலரை மணிக்கு மேற்குச் சுவரில் அடித்த வெயில் பதினொன்றரை மணிக்கு அறைக்குள் வந்து சேரும். ஏழில் ஒரு பங்காக இளைத்துத்தான் வரும், ஆனால் வருகிற நேரம் சரியில்லையே!

இதில் இன்னொரு அழகு உண்டு. சூடு ஏறி இறங்குவதை ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், அந்த அலை எவ்வளவு ஆழம் போகும் என்பது அது ஏறி இறங்க எடுக்கும் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு நாள் அலை மண்ணில் ஒரு முழம், இரண்டு முழத்துக்குள் அடங்கிவிடும். ஒரு வருட அலை அதைப்போல் சுமார் 19 மடங்கு ஆழம் போகும், ஏனென்றால் 365-இன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 19. அதற்கும் கீழே கோடை, குளிர் எதுவும் எட்டாது. ஆழ்கிணற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க ஒரே சூட்டில் இருப்பது இதனால்தான். வெப்பம் பரவுவதற்குச் சமன்பாடு எழுதிய பிரெஞ்சுக்காரர் ஜோசப் ஃபூரியே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பூமிக்குள் வெப்பம் இறங்குவதை இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார். அதே சமன்பாடுதான் உங்கள் மொட்டை மாடிக்கும்.

ஃபேன் போட்டும் ஏன் அடங்குவதில்லை? ஃபேன் காற்றைத்தான் தள்ளும். சூடான சீலிங் அகச்சிவப்புக் கதிராகவும் வெப்பத்தை அனுப்புகிறது, அதை ஃபேன் தடுக்காது. தோலின் சூடு சுமார் 34 டிகிரி. சீலிங் 30 டிகிரியில் இருந்தால் நம் உடம்பு அதற்கு வெப்பத்தைக் கொடுக்கும். 40 டிகிரி ஆனால் கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிவிடும்.

ஆக, பிளானில் செய்ய வேண்டியது என்ன? வெப்பத்தைத் தளத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் தளம் சூடாகத்தான் செய்யும். வெள்ளைத் தட்டோடோ வெள்ளைப் பூச்சோ வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வருடா வருடம் தூசியைக் கழுவினால்தான் அந்த வெள்ளைக்கு மரியாதை. வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரை வழியே ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்றது. வெறும் கான்கிரீட் தளம் 3 வாட்டுக்கு மேல் கடத்தும். ஆனால் அந்த 2018 விதி 500 சதுர மீட்டரிலிருந்து தொடங்கும் மனைகளுக்குத்தான் போடப்பட்டது. உங்கள் மனை 111 சதுர மீட்டர். உங்களை யாரும் கேட்கப்போவதில்லை, நீங்களாகக் கடைப்பிடித்தால் உண்டு.

அடுத்து மேற்கு. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னி மூலைக்கு, அதாவது தென்மேற்குக்கு வர வேண்டும் என்பார்கள். வெப்பக் கணக்குப்படி ராத்திரி தூங்குவதற்கு வீட்டிலேயே மோசமான மூலை அதுதான். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வீட்டுப் பெரியவர்களோடு மல்லுக்கு நின்று யார் ஜெயித்தார்கள்? மேற்கில் மாடிப்படி வைக்க வாஸ்துக்காரர்களே பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அதை அங்கே தள்ளிவிடுங்கள். மூலையை விட்டே கொடுக்கவில்லை என்றால் மேற்குச் சுவர் முழுக்க அலமாரி அடித்துவிடுங்கள், ஜன்னலைத் தெற்கில் வையுங்கள். அந்தச் சுவரை மட்டும் ஏஏசி பிளாக் எனப்படும் எடை குறைந்த கான்கிரீட் கல்லில் கட்டலாம். உள்ளே நிறைய காற்றறைகள் இருப்பதால் அது செங்கல்லைவிட மிகக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்.

எந்தக் கல் எவ்வளவு கடத்தும் என்று சூளைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார், இதற்கு விழிப்பார். மாவட்டத்துக்கு ஒரு பொறியியல் கல்லூரியில் இதை அளந்து வெளியிட வைப்பது அரசுக்குப் பெரிய செலவே அல்ல. கோடைக்கால வெப்ப அலை பற்றிக் கருத்தரங்கம் நடத்தும் பணத்தில் கொஞ்சம் இங்கே திருப்பலாம்.

கடைசியாக, சோலார் பேனல் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மின்சாரம் கிடைப்பது ஒரு பக்கம், தளத்துக்கு நிழலும் கிடைக்கும், இடையில் காற்றும் ஓடும். படுக்கையறைக்கு மேலே வருகிற மாதிரி அதன் கால்களுக்கு இடம் குறித்து, தட்டோடு பதிக்கும் முன்பே பீடம் கட்டச் சொல்லுங்கள். பிறகு தட்டோட்டைத் துளைத்தால் அங்கே நிச்சயம் ஒழுகும்.