விடுதலையான பிள்ளையை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

சிறையிலிருந்து விடுதலையான மூன்றாம் நாள் ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். என் அறைக் கதவு ஒருக்களித்துத்தான் சாத்தியிருந்தது, தள்ளினால் திறந்துகொள்ளும். ஆனால் கால் மணி நேரமாக வெளியிலேயே நின்றிருக்கிறான். "ஏன்ப்பா, உள்ளே வரவேண்டியதுதானே?" என்றேன். "நீங்க வந்து திறப்பீங்கன்னு நின்னேன் சார்" என்றான்.

எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது விளக்கை அணைப்பது என்று சகலத்தையும் மூன்று வருஷம் அடுத்தவர்கள் முடிவு செய்த இடத்திலிருந்து வந்தவன். அவனை உட்காரவைத்து வீட்டில் ஆளாளுக்குக் கேட்டது, "இனிமே என்ன பண்ணப் போறே?" பாவம், இட்லியா தோசையா என்பது மாதிரி சின்ன விஷயத்தைக்கூட முடிவுசெய்யத் திணறுகிற நேரம் அது.

சிறையிலிருந்து வரும் இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. குடும்பத்தாரிடம் நான் முதலில் பேசுவது உயிரைப் பற்றி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007ல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 13 மடங்கு இருந்தது. போதை மருந்துதான் முக்கியக் காரணம். உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும், பழைய அளவை எடுத்தால் ஆளையே முடித்துவிடும். அதனால் அந்தப் பழக்கம் இருந்த பிள்ளை என்றால் முதல் வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள், வேலை தேடுவதெல்லாம் அப்புறம்.

அடுத்தது, எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்பது: திருந்திட்டானா இல்லையான்னு எப்படி சார் தெரியும்? ஒரு மாதத்தில் தெரியாது. நியூயார்க்கில் 1980ல் முதன்முறை கைதானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், சுமார் 4 முதல் 8 வருஷம் வேறு வழக்கில் சிக்காமல் இருந்துவிட்டால், மறுபடி கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றவர்கள் அளவுக்கு இறங்கிவிடுவதைக் கண்டார்கள். செய்த குற்றத்தையும் அப்போதிருந்த வயதையும் பொறுத்து இது மாறும். அத்தனை வருஷமும் அவன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே யாரால் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

மன்னிப்பு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் போய் நின்று அழ வேண்டும் என்று அந்தப் பையனும் துடித்தான். வேண்டாம் என்றேன். அவர்கள் விரும்பினால், நடுவில் ஒருவரை வைத்துப் பேசலாம். இவன் மனப்பாரம் இறங்க வேண்டும் என்பதற்காக அவர்கள் இன்னொரு முறை நடுங்க வேண்டியதில்லை.

இவன் கூடத்துக்கு வந்தால் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாளாம். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, முன்பு அவள் பட்டது அப்படி. சின்னச் சின்னப் பொறுப்பாகக் கொடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து வந்தவன், அக்கா பணம் கொடுத்து மருந்து வாங்கிவரச் சொன்னதைச் சொன்னான். மீதியை மேசையில் வைத்து எண்ணிக் காட்டப் போயிருக்கிறான். "எண்ண வேண்டாம், அங்கேயே வை" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாளாம். இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னான்.