குண்டு விழாத இரவுகள்

"எனக்கு ஒரு கீறல்கூட விழலை டாக்டர். அப்புறம் ஏன் தூக்கம் வரமாட்டேங்குது?"

மனநல மருத்துவம் பார்க்கும் என்னிடம், களப்பணி முடிந்து திரும்பிய ராணுவ வீரர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கிற கேள்வி இது. கை கால் இழந்தவர்கள் இருக்கும்போது தனக்கு என்ன வந்தது என்ற கூச்சம். அதனாலேயே பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

ஒருவர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். முகாமில் படுக்கையிலிருந்து பதுங்குகுழிக்குப் பதினேழு காலடி. இருட்டில் எண்ணிப் பழகியிருந்தார். பூட்ஸின் நாடாவைத் தளர்த்தி, நுனி வாசல் பக்கம் இருக்கும்படி வைத்துத்தான் படுப்பாராம். வீட்டில் இப்போதும் செருப்பு அப்படித்தான் இருக்கிறது.

மோர்ட்டார் குண்டு வருகிறதென்று சைரன் அலறினால், ஒதுங்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். பெரும்பாலும் வெற்றுத் தரையில் விழும். சில நாள் ஒன்றுமே வராது. கேட்க நல்ல செய்திதான், ஆனால் உடம்புக்கு அதுதான் சிக்கல். எப்போது வரும் என்று தெரியாத ஆபத்துக்கு, எப்போதும் தயாராக இருப்பதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி மாதக்கணக்கில் விழித்தே கிடக்கிறது. அங்கே உயிரைக் காத்த பழக்கம், வீட்டில் தட்டு விழுந்தாலே ஆளைத் தரையில் குப்புறத் தள்ளுகிறது.

முதல் உலகப் போரின்போது, 1915இல், இதற்கு 'ஷெல் ஷாக்' என்று பெயர் வந்தது. குண்டு அதிர்ச்சியில் மூளை குலுங்கிவிட்டது என்று நினைத்தார்கள். குண்டின் பக்கமே போகாதவர்களுக்கும் அதே நடுக்கம் வந்தபோது குழம்பினார்கள். பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, என்ற இன்றைய பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980இல்தான்.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று: தூக்கத்தில் திமிறுகிறவரைத் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள், அடி விழலாம். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "அதையெல்லாம் மறந்துடு" என்பதால் பயனில்லை. முடிந்தால் மறந்திருக்க மாட்டாரா? குடி சீக்கிரம் தூங்க வைக்கும், சரி. ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

கெட்ட கனவு, திடுக்கிடல், ஆட்களைத் தவிர்ப்பது என ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் வந்துவிடுங்கள். அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சைதான் முதலில். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை வந்து பேசுவதற்கு ஆள் தயாராக வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி.

அந்த மனிதர் நான்கு மாதம் விடாமல் வந்தார். படுத்தபின் அந்தக் காலடிகளை மனதுக்குள் எண்ணுவது நிற்கவில்லை. பத்து, பதினொன்றிலேயே சில இரவுகளில் கணக்கு விட்டுப்போய்த் தூங்கிவிடுகிறாராம்.