காதுக்குத் தெரியாமல் ஆடியோவைச் சுருக்குவது எப்படி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிடி தரத்தில் ஒலியைப் பதிவு செய்தால் அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளக்கிறோம், ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறோம், இடது வலது என்று இரண்டு சானல், ஆக நொடிக்கு 14,11,200 பிட். நான்கு நிமிடப் பாட்டு சுமார் 42 எம்பி வந்துவிடும். சிக்னல் சரியில்லாத இடத்தில் போனுக்கு நொடிக்கு 500 கிலோபிட்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பாட்டு முழுசாக வந்து சேர பதினொரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கொஞ்சம் பாடும், நின்றுவிடும், மறுபடி கொஞ்சம் பாடும். அதே பாட்டை நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 3.8 எம்பிதான், ஒரு நிமிடத்தில் முழுசும் வந்துவிடும். பதினொன்றில் ஒரு பங்குதான் மிச்சம், ஆனாலும் கேட்டால் அதே பாட்டாகத்தான் இருக்கிறது.

ஜிப் செய்தால் இப்படிக் குறையாது. ஜிப்புக்கு ஒரே மாதிரியான துண்டுகள் திரும்பத் திரும்ப வரவேண்டும், ஒலி அளவுகளில் அப்படி அச்சு அசலாக எதுவும் திரும்பி வருவதில்லை. ஒலிக்கென்றே உள்ள ஃபிளாக் என்ற சுருக்கும் முறை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது: முந்தைய அளவுகளை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகம் எவ்வளவு தப்பியது என்பதை மட்டும் எழுதிவைக்கும். ஒரு பிட் கூட இழக்காமல் ஏறக்குறைய பாதியாகும். அதற்கு மேல் போகவேண்டுமானால் எதையாவது இழந்துதான் ஆகவேண்டும், எதை இழப்பது என்பதைக் காதுதான் தீர்மானிக்கிறது.

நம் காது ஒரு மைக் மாதிரி எல்லாவற்றையும் சமமாக வாங்கிக்கொள்வதில்லை. 1000 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி சத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் 1100 ஹெர்ட்ஸில் மெல்லிய ஒலி ஒன்று வந்தால் அது நமக்குக் கேட்கவே கேட்காது, பெரிய ஒலி அதை மறைத்துவிடும். தனக்குக் கீழே உள்ளவற்றைவிட மேலே உள்ள அதிர்வெண்களை அது இன்னும் அதிகமாக மறைக்கும். சத்தம் நின்ற பிறகும் நூறு மில்லிநொடிக்கு மேல் அந்த மறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். எம்பி3, ஏஏசி, ஓபஸ் எனக் கொஞ்சம் இழந்து சுருக்கும் முறைகள் எல்லாமே இந்தப் பலவீனத்தின் மேல்தான் நிற்கின்றன, ஆளுக்கொரு விதத்தில்.

இதை வைத்து என்ன செய்கிறார்கள்? கேட்காத ஒலிகளைத் தேடிப்பிடித்து அழிப்பதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் அதுவும் உண்டு, ஆனால் பெரும்பாலான சேமிப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. எம்பி3 எடுத்துக்கொண்டால், ஒலியை 1152 அளவுகள் கொண்ட சட்டங்களாக (ஃபிரேம்) வெட்டுகிறது, ஒரு சட்டம் சுமார் 26 மில்லிநொடி. ஒவ்வொரு சட்டத்திலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று எண்களாக மாற்றிக்கொள்கிறது. ஒரு பகுதியில் 873, 41, -12, 4 என்று நான்கு எண்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். இவற்றை 20 ஆல் வகுத்து முழு எண்ணாகத் தோராயப்படுத்தினால் எழுதவேண்டியது 44, 2, -1, 0 மட்டும்தான். திரும்ப 20 ஆல் பெருக்கினால் 880, 40, -20, 0 கிடைக்கிறது. அசலோடு 7, 8 என்று வித்தியாசம் இருக்கிறது இல்லையா, அந்த வித்தியாசம் ஓர் இரைச்சலாக ஒலியில் சேர்ந்துவிடும். ஆனால் 873 என்ற அந்தப் பெரிய ஒலிக்குப் பக்கத்திலேயே சேர்வதால் அது மறைந்தே இருக்கும். எளிமையாக்கித்தான் சொல்கிறேன், உள்ளே படிகள் எல்லாம் சம அளவில் இருக்காது, ஆனால் அடிப்படை இதுதான். எம்பி3 ஒலியை எடுத்துப்போடுவதைவிட, இரைச்சலைச் சேர்க்கிறது, அதுவும் எங்கே சேர்த்தால் நமக்குத் தெரியாதோ அங்கே பார்த்துச் சேர்க்கிறது. எனக்கு இந்த யோசனை எப்போது நினைத்தாலும் அழகாகவே தெரிகிறது.

ஓர் எண்ணை எழுத ஒரு பிட் குறைந்தால் இரைச்சல் சுமார் 6 டெசிபெல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) ஏறும். பெரிய ஒலியைவிட 20 டெசிபெல் கீழே உள்ள இரைச்சல் மறைந்துவிடும் பகுதியில் ஓர் எண்ணுக்கு மூன்று நான்கு பிட் போதும், 16 தேவையில்லை. அப்புறம் மிஞ்சுவதெல்லாம் பூஜ்யங்களும் சின்ன எண்களும்தான், அவற்றை 1952இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட முறையில், அடிக்கடி வருவதற்குக் குட்டையான குறியீடு கொடுத்து இன்னும் சுருக்கிவிடலாம்.

இது எங்கே சறுக்கும் என்றால், கைதட்டல் மாதிரி திடீர் ஒலிகளில். தோராயத்தால் வந்த இரைச்சல் சட்டம் முழுவதும் பரவும், அதாவது தட்டுவதற்கு முன்னால் இருக்கும் அமைதியிலும் பரவும். பின்னால் மறைப்பதைப் போல முன்னால் நீண்ட நேரம் மறைக்கக் காதுக்கு முடியாது, சில மில்லிநொடிதான். அதனால் தட்டலுக்கு முன்பே 'ஸ்ஸ்' என்று ஒரு கசிவு கேட்கும். இதைச் சமாளிக்க எம்பி3 அந்த இடத்தில் மட்டும் நீளமான துண்டை மூன்று குட்டித் துண்டுகளாக மாற்றிக்கொள்கிறது.

இன்னொன்று. ஏற்கெனவே எம்பி3 ஆன ஃபைலை 320 கிலோபிட்டுக்கு மாற்றினால் தரம் கூடாது, எடைதான் கூடும். அதை ஓபஸுக்கு மாற்றினாலும் ஒருமுறை தோராயமாக்கியதை வேறு கட்டங்களில் வைத்து மறுபடி தோராயமாக்குகிறோம், இரைச்சல் மேல் இரைச்சல். ஆகவே அசல் வேவ் (சுருக்காத ஒலி) அல்லது ஃபிளாக் ஃபைலை எப்போதும் பத்திரமாக வைத்திருங்கள், ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே சுருக்குங்கள்.

இணையதளத்தில் போடுகிறீர்கள் என்றால் பேச்சுக்கு ஸ்டீரியோ வேண்டாம், ஒரே சானல் உள்ள மோனோ போதும். ஓபஸில் மோனோ பேச்சு 32 கிலோபிட்டிலேயே தெளிவாக இருக்கும், எம்பி3 என்றால் 64. இசைக்கு ஓபஸ் 96 முதல் 128 வரை தாராளம். 2012இல் வெளியான ஓபஸுக்கு உரிமத்தொகை எதுவும் கிடையாது, இன்றைய பிரவுசர்கள் வாசிக்கும், பழைய கருவிகளுக்காக ஓர் எம்பி3யும் கூடவே வைத்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு சுருக்கியும் சில பக்கங்களில் ப்ளே அழுத்தினால் உடனே தொடங்காது. ஏஏசி ஒலி வழக்கமாக வரும் எம்4ஏ ஃபைல் என்றால் அதன் அட்டவணை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எந்தத் துண்டு எங்கே என்று சொல்லும் அந்தப் பகுதியைப் பல மென்பொருள்கள் ஃபைலின் கடைசியில்தான் எழுதுகின்றன, பிரவுசர் அதைத் தேடிக் கடைசி வரை போகவேண்டியிருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற ஒரு தெரிவைச் சேர்த்தால் அட்டவணை முன்னால் வந்துவிடும். சர்வரும் கேட்ட துண்டை மட்டும் அனுப்பத் தெரிந்ததாக இருக்கவேண்டும், 206 என்ற பதில் எண்ணைத் தந்தால் சரி. 200 தந்து முழு ஃபைலையும் கொட்டுகிறது என்றால் நடுவிலிருந்து கேட்க நினைப்பவர் அதுவரை உள்ளதெல்லாம் இறங்கும்வரை காத்திருக்கவேண்டியதுதான். பக்கத்தில் பத்து ஆடியோ இருந்தால் ப்ளே அழுத்தும் முன்பே இறக்கத் தொடங்கும் ப்ரீலோடை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் பத்தும் ஒரே இணைப்புக்கு முட்டிமோதும்.

எந்த பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட்) போதும் என்பதை எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அசலிலிருந்து சுருக்கிய ஃபைலைக் கழித்து மிஞ்சுவதைக் கேட்டும் முடிவு செய்யவேண்டாம், அந்த மிச்சத்தைத் தனியாகக் கேட்கும்போது அதை மறைத்த ஒலி அங்கே இல்லை, அதனால் பயங்கரமாகத்தான் கேட்கும். எது எது என்று தெரியாதபடி இரண்டு ஃபைலையும் மாற்றி மாற்றிப் போடச்சொல்லி ஹெட்போனில் கேளுங்கள், கைதட்டலும் டிரம்ஸின் சிம்பல் தட்டும் வரும் இடமாகப் பார்த்து.