சாங்ஷன்: அனுமதியா, தடையா?

"கடன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் வாழ்த்துச் சொல்கிறோம். ஒரு நாட்டின்மீது 'சாங்ஷன்ஸ்' என்று செய்தி வந்தால், அந்த நாட்டுக்கு ஏதோ கேடுகாலம் என்று புரிந்துகொள்கிறோம். ஒரே சொல்தான். ஓரிடத்தில் கதவைத் திறக்கிறது, இன்னோரிடத்தில் அடைக்கிறது.

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 'சாங்ஷன்டு பேங்க்' என்பதை 'அங்கீகரிக்கப்பட்ட வங்கி' என்று பெயர்த்திருந்தார்கள். மூலத்தில் பேச்சு, பன்னாட்டுத் தடைக்கு உள்ளான வங்கியைப் பற்றியது. அதனோடு கொடுக்கல் வாங்கல் வைக்காதீர்கள் என்பதுதான் அந்தப் பத்தியின் எச்சரிக்கையே. தமிழில் படிப்பவரோ அங்கே போய்த் தாராளமாகப் பணம் போட்டிருப்பார். பெயர்த்தவரை நான் குறை சொல்லவில்லை. நம் பேச்சுத் தமிழில் புழங்கும் 'சாங்ஷன்' நல்ல பொருளை மட்டுமே தூக்கிக்கொண்டு வந்தது. மற்றது ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது.

வேர் இலத்தீனில் இருக்கிறது. 'சான்கீரே' என்றால் ஒன்றைப் புனிதமாக்குவது, மீறக்கூடாததாக்குவது. புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்', சரணாலயத்தைக் குறிக்கும் 'சாங்சுவரி' இரண்டும் இதே குடும்பம். ஒரு சட்டத்தை மீற முடியாததாக்க இரண்டு வேலை நடக்க வேண்டும். அதிகாரம் உள்ளவர் 'இது செல்லும்' என்று முத்திரை வைக்க வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்றும் சொல்லி வைக்க வேண்டும். முத்திரையிலிருந்து அனுமதி என்ற பொருள் கிளைத்தது, மிரட்டலிலிருந்து தண்டனை என்ற பொருள். வேரைப் பார்த்துவிட்டால் முரண் பாதி கரைந்துவிடும்.

பழைய பயன்பாட்டில் இரண்டுமே இல்லாமலும் இச்சொல் வரும். 1713இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குலப் பேரரசர் ஆறாம் சார்லஸ், ஆண் வாரிசு இல்லாவிட்டால் தன் ஆட்சி நிலங்கள் பிரியாமல் மகளுக்குச் சேரும் என்று பிறப்பித்ததன் பெயர் 'பிராக்மேட்டிக் சாங்ஷன்'. இதை அனுமதி என்று பெயர்த்தாலும் தப்பு, தடை என்று பெயர்த்தாலும் தப்பு. இங்கே சரியான தமிழ் 'ஆணை'. அழகான பொருத்தம் அது: 'அரசாணை' என்கிறோம், 'உன்மேல் ஆணை' என்று சத்தியமும் செய்கிறோம். கட்டளையும் புனிதக் கட்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பது நமக்குப் புதிதல்ல.

நாடுகள்மீதான தடை என்ற பொருள் வலுத்தது முதல் உலகப்போருக்குப் பின் வந்த, ஐ.நா.வின் முன்னோடியான நாடுகளின் சங்கத்தோடு. 1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுத்தபோது, சங்கம் ஆயுத விற்பனையையும் கடனையும் இத்தாலிய இறக்குமதியையும் தடுத்தது. போருக்கு உயிரான எண்ணெயைப் பட்டியலில் சேர்க்கவில்லை! 1936 ஜூலையில் தடைகள் விலக்கப்பட்டன. அதற்குள் எத்தியோப்பியத் தலைநகர் விழுந்துவிட்டிருந்தது. இன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தடை விதிப்பது சாசனத்தின் 41ஆம் பிரிவின்படி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவில் 'சாங்ஷன்' என்ற சொல்லே கிடையாது. 'நடவடிக்கைகள்' என்றுதான் இருக்கிறது.

இனி தமிழுக்கு எதை வைப்பது? நாடுகள் சங்கதியில் 'தடை' போதும். ஆனால் எல்லாவற்றையும் 'பொருளாதாரத் தடை' என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஒருவரின் பயணத்தை மறிப்பதும் சாங்ஷன்தான், அது பயணத்தடை. பணம், பதவியிடம், திட்டம் என்றால் அலுவலகத் தமிழில் 'ஒப்பளிப்பு' என்ற அருமையான சொல் இருக்கிறது. வாயில் நுழையவில்லை என்பார்கள். நாலு கோப்பு எழுதினால் நுழைந்துவிடும். இதை 'ஒப்புதல்' என்று மாற்றிவிடக் கூடாது. திட்டம் நல்லது என்று ஏற்பது ஒப்புதல்; 'சரி, இவ்வளவு செலவிடு' என்பது ஒப்பளிப்பு. அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர முன்கூட்டி வாங்கும் சாங்ஷனுக்கு 'இசைவு' பொருந்தும்.

சமூகவியலில் கொஞ்சம் சிக்கல். அங்கே பாராட்டுவதும் சாங்ஷன், ஊர் ஒதுக்கி வைப்பதும் சாங்ஷன். ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்கப் பார்க்காமல் வெகுமதி, கண்டனம் என்று இடத்துக்கேற்பப் பிரித்து எழுதுவதே நல்லது.

அடையாளம் காண ஒரு வழி: 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடை. வினையாக வந்தால்தான் ஆபத்து. முழு வாக்கியத்தையும் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிக்கவும் நமக்கு உரிமை இல்லை. மதுவிலக்கு என்றால் மதுவுக்குத் தடை. வரிவிலக்கு என்றால் வரியிலிருந்து விடுதலை. இரண்டிலும் அதே 'விலக்கு'. வரிவிலக்கை 'வரி கட்டத் தடை' என்று எந்த மொழியிலாவது யாராவது பெயர்த்து வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இன்னும் என் கையில் சிக்கவில்லை.