நாரை அடையும் இடமும் மேயும் இடமும்

பொழுது சாயும் நேரத்தில் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரிக்கரையில் நின்றால், வயல் பக்கமிருந்து நத்தைகுத்தி நாரைகள் திரும்புவதைப் பார்க்கலாம். ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால் நாரைக்கு இரை ஏரியில் மட்டுமா இருக்கிறது? நத்தையைத் தேடி அது வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. சரணாலய எல்லை அதுவரை நீளுவதில்லை.

அந்த வயலில் ஒரு மனைப்பிரிவு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரையோ, மனைப்பிரிவின் நிலம் 50 ஹெக்டேரையோ தொட்டால்தான் முன் அனுமதி தேவை. அதற்குக் குறைந்தவை பத்து வந்தாலும் தனித்தனிக் கணக்குதான். பத்தும் சேர்ந்து தின்னும் வயலைக் கூட்டிப் பார்க்க அங்கே இடமில்லை.

கூட்டிப் பார்ப்பதற்கான வழி, மதிப்பீட்டை, வட்டாரம் முழுவதற்குமான வளர்ச்சி வரைபடம் போடும்போதே தொடங்குவது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இதற்கென ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. நம் அறிவிக்கையோ ஒவ்வொரு திட்டமாகத்தான் பார்க்கிறது.

செய்முறை எளிது. நிலப்பயன்பாடு, பள்ளமான நிலம், வடிகால், பறவை மேயும் வயல் என ஒவ்வொன்றையும் தனி வரைபடமாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். புதுச் சாலை வருவதாக இருந்தால், அதற்கு இரண்டு மூன்று தடங்கள் போட்டுப் பார்த்து, எது எதை வெட்டுகிறதென்று கவனிக்க வேண்டும். இந்தக் காவிரி டெல்டாவில் முதலில் பார்க்க வேண்டியது வடிகாலைத்தான் என்பேன். நிலம் அவ்வளவு தட்டை. சாலைக்காகக் குறுக்கே மண்மேடு போட்டு, அடியில் சிறு குழாய் வைத்தால் போதும்: ஐப்பசி மழையில் மேலண்டைச் சம்பா மூழ்கும். கோரையாறு, பாமணியாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகும் நன்னீரின் போக்கும் மாறலாம்.

டெல்டாவுக்கெனத் தமிழ்நாடு 2020இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன், உருக்காலை போன்ற தொழில்களைத் தடுக்கிறது, நல்லதுதான். மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.

பறவைகளைக் கணக்கெடுக்கும் மாதமும் முக்கியம். சித்திரையில் காய்ந்த வயலைப் பார்த்து ‘பறவை இல்லை’ என்று எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் கார்த்திகையில் போனால் வேறு வயல். கடைமடை விவசாயி ஒருவரைக் கூட அழைத்துப் போனால், தண்ணீர் எந்த மதகில் முட்டி நிற்கும் என்று கைநீட்டிக் காட்டுவார்.