அமெச்சூர் என்றால் கற்றுக்குட்டியா?

மேசையில் குச்சியால் பந்தடித்துப் பாக்கெட்டில் தள்ளும் ஆட்டமான பூலுக்கு ஒரு போட்டி அறிவிப்பைப் போன வாரம் தமிழில் படித்தேன். தகுதி என்ற தலைப்பின் கீழ் 'கற்றுக்குட்டிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம்' என்று இருந்தது. ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவரைக் குறிக்கும் அமெச்சூர் என்ற சொல்லுக்கு இப்படி எழுதுவதைப் பல காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளியது. லத்தீனில் 'அமாரே' என்றால் நேசித்தல், 'அமாட்டோர்' என்றால் நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. வேரில் இருப்பது ஆசை. திறமையின் அளவு இல்லை. அரைகுறை என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. போட்டி விதியில் அந்தப் பொருளுக்கு இடமே கிடையாது.

அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் நடத்தும் அமெச்சூர் லீக்கைப் பாருங்கள். எட்டுப் பந்து ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 7 வரை ஒரு திறன் எண் உண்டு. ஓர் அணி இறக்கும் ஐந்து பேரின் எண்களைக் கூட்டினால் 23ஐத் தாண்டக்கூடாது. புதிதாகக் குச்சி பிடித்தவரை வேண்டுமானால் கற்றுக்குட்டி எனலாம். உச்ச எண்ணான 7 வாங்கியவரை? முக்கோணமாக அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடியான பிரேக்கை அவர் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்து அடுக்கின் முன்பந்து நெற்றியில் நேராக மோதி, கொஞ்சம் பின்வாங்கி, மேசை நடுவில் அப்படியே நிற்கும். பதினைந்து பந்தும் சிதறி ஓடும். மயிரிழை விலகினால் வெள்ளைப் பந்தே ஏதாவது பாக்கெட்டில் போய் விழுந்துவிடும். சிலர் பக்கவாட்டிலிருந்து இரண்டாவது வரிசைப் பந்தைக் குறிவைப்பார்கள், நடுவில் இருக்கும், வழக்கமாகக் கடைசியில் போட வேண்டிய எட்டாம் பந்தை அசைக்க. அந்த லீக்கில் தவறு செய்யாமல் பிரேக்கிலேயே எட்டைப் பாக்கெட்டில் போட்டால் ஆட்டமே வெற்றி. உலகப் பொது விதிப்படி அது வெற்றியில்லை. விதியைப் பார்த்து அடியை மாற்றுகிற ஆள் எப்படிக் கற்றுக்குட்டி ஆவார்?

1958இல் கல்கத்தாவில் இந்திய வீரர் வில்சன் ஜோன்ஸ் வென்றது உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம். அதை 'உலகக் கற்றுக்குட்டிப் பட்டம்' என்று எழுத யாருக்காவது கை வருமா? நம்மூரில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையும் அமெச்சூர் நாடகக் குழுதான். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஆசைக்காக மேடையேறினார்கள்.

'ஊதியம் பெறாதவர்' என்பதும் முழுக்கப் பொருந்தாது. 1912 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தோர்ப்பிடமிருந்து, முன்பு பேஸ்பாலில் சிறு கூலி வாங்கினார் என்று பதக்கங்களைப் பிடுங்கிய காலத்தில் அது சரி. இன்றைய பூல் லீக்கில் அமெச்சூர்களுக்கே ரொக்கப் பரிசு தருகிறார்கள்.

அப்புறம் 'பயில்முறை'. மேடை நாடகக்காரர்களைப் பற்றி எழுதுவோர் இதை விரும்புகிறார்கள். பயிலுதலுக்குப் பழகுதல் என்ற பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி, பயிலரங்கம் என்று பழகிய இன்றைய காதுக்கு அது மாணவனைத்தான் காட்டும். கற்றுக்குட்டிக்கு வேட்டி கட்டிவிட்டது போலத்தான். 'தொழில்முறை சாரா' பொருளில் பிழையில்லை, தகுதி விதிக்குப் போதும். ஆனால் ஒருவரை அவர் எதுவாக இல்லையோ அதைக் கொண்டே அழைப்பது எனக்கு உறுத்துகிறது. சாரா, அல்லாத, இலா என்று வால் ஒட்டியே கலைச்சொல் செய்யும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு முற்றிவிட்டது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். மேசையருகே நிற்பவர் யார் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

என் தேர்வு 'விழைஞர்'. விழைதல் என்றால் விரும்புதல். லத்தீன் வேரின் அதே பொருள். பிறனில் விழையாமை நினைவுக்கு வருகிறதே என்று நண்பர் ஒருவர் தயங்கினார். அங்கே குற்றம் பிறன் இல்லத்தின் மேல் வைத்த கண்ணில், விழைதலில் இல்லை. 'விழைஞர் பூல் போட்டி' என்று நாலு சுவரொட்டியில் போட்டால் பழகிவிடும். அதுவரை அமெச்சூர் என்றே எழுதுங்கள், புரியும்.