மீன் எண்ணெயா, கிரில் எண்ணெயா? குடலைக் கேட்டால் சொல்லும்

"கிரில் எண்ணெய் மீன் எண்ணெயைவிட நன்றாக உடம்பில் சேருமாமே, குட்டி மாத்திரையே போதுமாமே, மாற்றிவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே இரண்டு டப்பாக்களின் லேபிள் விவரங்களையும் எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல காரியம் செய்தார். பாதி விடை லேபிளிலேயே இருக்கிறது.

மீன் எண்ணெய் டப்பாவின் முகப்பில் '1000 மில்லிகிராம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது வெறும் எண்ணெயின் எடை. நாம் காசு கொடுப்பது அதற்குள் இருக்கும் இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுக்காக. சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையில் இபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக மொத்தம் 300 மில்லிகிராம். மீதி 700 வேறு கொழுப்பு. செறிவூட்டிய வகைகளில் 600 வரையிலும் அதற்கு மேலும் கிடைக்கும். 500 மில்லிகிராம் கிரில் மாத்திரையில் இபிஏ 60, டிஎச்ஏ 30 என்ற அளவில்தான் இருக்கும். தினம் ஒரு கிராம் இபிஏ-டிஎச்ஏ வேண்டும் என்றால் சாதாரண மீன் எண்ணெயில் மூன்று நான்கு மாத்திரை, செறிவூட்டியதில் இரண்டு, கிரில்லில் பதினொன்று! லேபிளில் உள்ள அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டுக்கா என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். டப்பாவின் விலையை அதிலுள்ள மொத்த இபிஏ-டிஎச்ஏ கிராமால் வகுத்தால் வருவதுதான் உண்மையான விலை.

விளம்பரக்காரர்களிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. "அளவு குறைவுதான், ஆனால் கிரில்லில் ஒமேகா-3 பாஸ்போலிப்பிட் வடிவத்தில் இருக்கிறது. நம் செல்சவ்வும் பாஸ்போலிப்பிட்தான். அதனால் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும்." கேட்க அழகாகத்தான் இருக்கிறது. குடல் இதை ஒப்புக்கொள்கிறதா என்று பார்ப்போம்.

மூலப்பொருள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இபிஏவையும் டிஎச்ஏவையும் பெருமளவில் தயாரிப்பவை கடலின் நுண்பாசிகள். அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் வழியாக அவை மீனுக்கு வருகின்றன. மீன் எண்ணெயில் பெரும்பங்கு நெத்திலி வகைச் சிறுமீன்களை வேகவைத்துப் பிழிந்து எடுப்பது. கிரில் என்பது அண்டார்டிக் கடலில் கூட்டம் கூட்டமாகத் திரியும், இறால் போன்ற கட்டைவிரல் நீள உயிர். அது செத்தவுடனே அதன் சொந்த செரிமான நொதிகள் அதையே கரைக்கத் தொடங்கிவிடும் என்பதால் கப்பலிலேயே மளமளவென்று பதப்படுத்துகிறார்கள். எண்ணெயைப் பிரித்தெடுக்க எத்தனால் போன்ற கரைப்பான் வேண்டும். அதன் சிவப்புக்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி.

இனி மூலக்கூறுகள். மூன்று கார்பன் கொண்ட கிளிசரால் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கினால் அது ட்ரைகிளிசரைடு. இயற்கையான மீன் எண்ணெய் இதுதான். மூன்றாவது இடத்தில் கொழுப்பு அமிலத்துக்குப் பதிலாக ஒரு பாஸ்பேட்டும் அதன் நுனியில் (பெரும்பாலும்) கோலினும் இருந்தால் பாஸ்போலிப்பிட். கிரில் எண்ணெயில் சுமார் 40 சதவீதமோ அதற்கு மேலோ இது இருக்கும். மூன்றாவது வகை எத்தில் எஸ்டர். செறிவூட்டிய மீன் எண்ணெய்களில் பல இந்த வகைதான். ஒரே ட்ரைகிளிசரைடில் நமக்கு வேண்டிய அமிலமும் வேண்டாததும் கலந்து தொங்குவதால், அப்படியே வைத்துக்கொண்டு பெரிதாகச் செறிவூட்ட வழியில்லை. எல்லாவற்றையும் கழற்றி ஆளுக்கொரு எத்தனாலில் மாட்டி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, வேண்டியதை மட்டும் பிடிக்கிறார்கள். சிலர் அதை மறுபடி கிளிசராலில் ஏற்றி விற்கிறார்கள். அதற்குக் கூடுதல் விலை.

இந்த மூன்று பொட்டலங்களும் சிறுகுடலுக்குள் நுழைகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு வந்துவிட்டதை உணர்ந்ததும் முன்சிறுகுடலின் செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைப் பீய்ச்சுகிறது, கணையம் நொதிகளை அனுப்புகிறது. பித்த உப்புகள் எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்து ஒவ்வொரு துளியின் மேலும் படர்ந்துகொள்கின்றன. இங்கே ஒரு சிக்கல். கொழுப்பை வெட்டவேண்டிய லைப்பேஸ் நொதியைத் துளியின் பரப்பிலிருந்து தள்ளிவிடுவதும் அதே பித்த உப்புகள்தான். அதற்காகவே கணையம் கோலைப்பேஸ் என்ற குட்டிப் புரதத்தையும் கூடவே அனுப்புகிறது. அது பித்த உப்புகளுக்கிடையே துளியில் காலை ஊன்றி லைப்பேஸைப் பிடித்து நிறுத்தும். கொழுப்பு செரிமானத்தில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு வேறொன்று இல்லை என்பேன்.

அப்படி ஊன்றி நின்ற லைப்பேஸ் ட்ரைகிளிசரைடின் முதல் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் வெட்டும், நடுவைத் தொடாது. மீன் எண்ணெயில் டிஎச்ஏ பெரும்பாலும் அந்த நடு இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கிளிசராலோடு ஒட்டியபடியே மோனோகிளிசரைடாக உள்ளே போய்விடுகிறது.

பாஸ்போலிப்பிட்டை வெட்டுவது வேறொரு நொதி, பாஸ்போலைப்பேஸ் ஏ2. அது வெட்டுவதே நடு இடத்தை. கிரில்லின் பாஸ்போலிப்பிட்டில் இபிஏவும் டிஎச்ஏவும் பெரும்பாலும் இருப்பதும் அதே நடு இடம்! ஆக, 'நேராகச் செல்சவ்வுக்குப் போகும்' என்று சொன்ன ஒமேகா-3 குடலிலேயே பாஸ்போலிப்பிட்டை விட்டுக் கழன்று, தனிக் கொழுப்பு அமிலமாக நிற்கிறது. மீன் எண்ணெயிலிருந்து வெட்டுப்பட்டு வந்தவற்றோடு அதுவும் பித்த உப்புகள் கட்டும் மிசெல் என்ற நுண்ணிய உருண்டைகளில் ஏறிக் குடல் சுவரின் செல்லுக்குள் போகிறது. அந்தச் செல் உள்ளே வந்தவற்றில் பெரும்பகுதியைத் திரும்ப ட்ரைகிளிசரைடாகவே கட்டி, கைலோமைக்ரான் துளிகளில் அடைத்து, நிணநீர் வழியாக ரத்தத்துக்கு அனுப்புகிறது. எந்தப் பொட்டலத்தில் வந்தாலும் வாசலில் பிரித்து வேறு பொட்டலம் கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் பித்தமே ஒரு நாளைக்கு 10 முதல் 20 கிராம் பாஸ்போலிப்பிட்டைக் குடலில் கொட்டுகிறது. 500 மில்லிகிராம் கிரில் மாத்திரை கொண்டுவருவது சுமார் 200 மில்லிகிராம். செரிமானத்துக்கு இது பெரிய உதவி என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

உண்மையில் தடுமாறுவது எத்தில் எஸ்டர்தான். லைப்பேஸ் அதை மிக மெதுவாகவே வெட்டுகிறது. வெறும் வயிற்றிலோ கொழுப்பில்லாத உணவோடோ போட்டுக்கொண்டால் பித்தமும் நொதிகளும் போதுமான அளவு வருவதில்லை. 1988இல் வெளியான ஒரு ஆய்வில், எத்தில் எஸ்டரிலிருந்து இபிஏ உறிஞ்சப்பட்டது கொழுப்பு குறைந்த உணவோடு 20 சதவீதம், கொழுப்பு நிறைந்த உணவோடு 60 சதவீதம். ட்ரைகிளிசரைடில் அது 69இலிருந்து 90 ஆனது. டப்பாவை மாற்றாமலே, காலை வெறும் வயிற்று மாத்திரையைக் கனமான சாப்பாட்டு வேளைக்கு மாற்றினாலே நிறையக் கிடைக்கும்.

நேரடி ஒப்பீடுகள் என்ன சொல்கின்றன? 2011இல் வந்த 7 வார ஆய்வு ஒன்றில் கிரில்லிலிருந்து 543 மில்லிகிராம் பெற்றவர்களும் மீன் எண்ணெயிலிருந்து 864 மில்லிகிராம் பெற்றவர்களும் ரத்த அளவில் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வந்தார்கள். கிரில் விளம்பரங்களுக்குப் பிடித்த ஆய்வு இது. அதே 2011இல் வந்த இன்னொரு ஆய்வில் சம அளவு கொடுத்தபோது கிரில் சற்று மேலே தெரிந்தாலும், புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. அந்தக் கிரில் எண்ணெயின் இபிஏ, டிஎச்ஏவில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே கழன்ற தனி அமிலமாக இருந்தது. மேலே தெரிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். 2015இல் 66 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒன்றாக எத்தில் எஸ்டர், ட்ரைகிளிசரைடு, கிரில் மூன்றையும் சமமாகத் தினம் 1.3 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்தத் துறையின் ஒப்பீட்டு ஆய்வுகளில் பல, எண்ணெய் விற்பவர்களின் பணத்தில் நடப்பவை. பணம் கொடுத்தவர் பொய் சொல்கிறார் என்பதல்ல என் வாதம். எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்த எண்ணெயோடு ஒப்பிடுவது என்பதை அவரே தீர்மானித்துவிடுகிறார். இத்தனை கோடிப் பேர் விழுங்கும் பொருளுக்குப் பொதுப்பணத்தில் நான்கு நல்ல ஒப்பீடுகள் நடத்துவது ஒன்றும் ஊதாரித்தனம் ஆகாது.

மூளைக் கதையும் ஒன்று உலவுகிறது. 2014இல் எம்எஃப்எஸ்டி2ஏ என்ற புரதம் டிஎச்ஏவை லைசோபாஸ்போலிப்பிட் (ஒரு கொழுப்பு அமிலம் கழன்ற பாஸ்போலிப்பிட்) வடிவில் மூளைக்குள் கடத்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். அருமையான கண்டுபிடிப்பு. 'அப்படியானால் கிரில் பாஸ்போலிப்பிட் மூளைக்கு நேர் வழி' என்று உடனே லேபிளில் ஏற்றிவிட்டார்கள். நடு இடம் வெட்டுப்பட்டபின் மிஞ்சும் லைசோபாஸ்போலிப்பிட்டில் டிஎச்ஏ பெரும்பாலும் இருக்காது என்பதை மேலே பார்த்தோம். மூளைக்குப் போகவேண்டிய வடிவத்தைக் கல்லீரல் பிற்பாடு செய்துகொள்கிறது. அதற்கு டிஎச்ஏ எங்கிருந்து வந்தது என்பது பொருட்டல்ல.

மூடநம்பிக்கைப் பட்டியலில் தெர்மாகோல் கப் சோதனையையும் சேர்த்துவிடலாம். எத்தில் எஸ்டர் எண்ணெயை ஊற்றினால் கப் ஓட்டையாகும், 'உங்கள் வயிறும் இப்படித்தான் ஆகும்' என்று வீடியோ போடுகிறார்கள். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன், எத்தில் எஸ்டர் அதைக் கரைக்கும் கரைப்பான். நம் குடல் பாலிஸ்டைரீனால் ஆனதல்ல.

உண்மையாகவே கவலைப்படவேண்டியது எண்ணெய் சிக்கடித்துப் போவதைப் பற்றி. டிஎச்ஏயில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். அவற்றுக்கிடையே சிக்கிய ஐந்து கார்பன்களின் ஹைட்ரஜன்கள் மிகத் தளர்வானவை. ஒன்று பிடுங்கப்பட்டால் ஆக்சிஜன் வந்து ஒட்டிப் பெராக்சி என்ற நிலையில்லாத மூலக்கூறாகி, அடுத்த மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். அது சங்கிலியாக ஓடும். பிறகு பெராக்சைடுகள் உடைந்து ஆல்டிஹைடுகளாகும், காறல் நெடி அவற்றுடையது. அதனால்தான் தர அளவுகோல் இரண்டு எண்களைக் கேட்கிறது. பெராக்சைடு மதிப்பு 5க்குள், ஆல்டிஹைடுகளை அளக்கும் அனிசிடின் மதிப்பு 20க்குள். பெராக்சைடை இரண்டால் பெருக்கி அனிசிடினைக் கூட்டினால் வரும் டோட்டாக்ஸ் 26க்குள். பெராக்சைடு மட்டும் குறைவாக இருப்பதை நம்பமுடியாது. நன்றாகக் கெட்டுப்போன எண்ணெயில் அது உடைந்து தீர்ந்துபோயிருக்கலாம்.

கிரில்லில் இந்த அளவுகோலே ஏமாறும். அதன் பாஸ்போலிப்பிட்டுகளில் ஒரு பகுதிக்கு அமீன் என்ற நைட்ரஜன் நுனி உண்டு. உருவாகும் ஆல்டிஹைடுகளை அந்த அமீன்கள் பிடித்துப் பைரோல் போன்ற சேர்மங்களாக மாற்றிவிடும். எண்ணெய் கருக்கும், ஆனால் எண்கள் பரிசுத்தமாக வரும். 'எங்கள் கிரில் எண்ணெயின் பெராக்சைடு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம்' என்ற வாசகத்தால் அதிகம் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரு மாத்திரையை வெட்டி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை இருக்கலாம், பழைய பெயிண்ட் போலக் காரமாக மூக்கில் ஏறினால் குப்பைக்கு. எலுமிச்சை வாசனை சேர்த்த மாத்திரைகளில் இந்தச் சோதனை வேலை செய்யாது. இரண்டு மூன்று மாதத்தில் தீரும் டப்பாவாக வாங்கி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள்.

கிரில்லுக்கு ஒரு மெய்யான சௌகரியம் உண்டு. பாஸ்போலிப்பிட் தண்ணீரோடும் எண்ணெயோடும் சேரும் என்பதால் வயிற்றிலேயே கலந்துவிடுகிறது. மீன் எண்ணெய் மேலே மிதந்து ஏப்பத்தோடு எதுக்களிக்கும். இந்த ஏப்பம் தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடுபவருக்குக் கிரில் நியாயமான தேர்வு. குடல்வரை கரையாத உறை போட்ட மீன் எண்ணெயும் அந்த வேலையைச் செய்யும், விலையும் குறைவு.

எதற்காகச் சாப்பிடுகிறோம் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. 25,871 பேர் பங்கேற்ற வைட்டல் ஆய்வில் தினம் 840 மில்லிகிராம் இபிஏ-டிஎச்ஏ, பெரிய இதயநோய் நிகழ்வுகளைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. மருந்தளவான 4 கிராம் ரத்த ட்ரைகிளிசரைடைத் தெளிவாகக் குறைக்கும். ஆனால் இதயம் காப்பாற்றப்படுகிறதா என்பதில் இழுபறி. ரெட்யூஸ்-இட் ஆய்வு 25 சதவீதக் குறைவைக் காட்டியது, 2020இல் ஸ்ட்ரெங்த் ஆய்வு ஒன்றும் காட்டவில்லை. ஸ்ட்ரெங்த்தில் கொடுத்தது வெட்டவே தேவையில்லாத தனி அமில வடிவம் என்பதைக் கவனியுங்கள். நன்றாக உறிஞ்சப்படுவதும் நன்மை தருவதும் ஒன்றல்ல. முழங்கால் வலிக்குக் கிரில் என்பதை 262 பேரிடம் தினம் 2 கிராம் கொடுத்து 24 வாரம் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. அதிக அளவு ஒமேகா-3 ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறைக் கூட்டுகிறது என்பதால் கிராம் கணக்கில் தாமாகவே விழுங்கக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் எந்த அளவானாலும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் கிரில் பக்கமே போகக்கூடாது.

திமிங்கிலமும் பெங்குவினும் கிரில்லை நம்பியிருக்கின்றன. தென் அட்லாண்டிக் பகுதியில் பிடிப்புக்கு வைத்த 6,20,000 டன் வரம்பு 2025இல் முதன்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியுமுன்பே மீன்பிடிப்பு மூடப்பட்டது. மீனும் வேண்டாம் கிரில்லும் வேண்டாம் என்பவர்களுக்கு நுண்பாசி எண்ணெய் இருக்கிறது, இரண்டுக்கும் மூலமே அதுதானே.

வாசகரின் இரண்டு டப்பாக்களில் நான் மீன் எண்ணெயைத்தான் எடுப்பேன், பெரிய சாப்பாட்டோடு. உடம்பில் சேர்கிறதா என்று பார்க்க விரும்பினால் ஒமேகா-3 குறியீடு என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. சிவப்பணுச் சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களில் இபிஏ-டிஎச்ஏ எத்தனை சதவீதம் என்று சொல்லும். 4க்குக் கீழே குறைவு, 8க்கு மேலே நல்லது என்பார்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் தொடங்குமுன் ஒரு முறையும் நான்கு மாதம் கழித்து ஒரு முறையும் எடுங்கள். முதல் மாத முடிவில் எடுத்தால் பழைய அணுக்களின் கணக்கே பெரும்பாலும் வரும்.